கொழுந்துத் தராசில் ஏறிய ரேஸ் மோட்டார் சைக்கிள்

எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் போன மாதம் மின்தராசு மாட்டினார்கள். கொழுந்து மூட்டையைத் தொங்கவிட்டால் சிவப்பு எழுத்தில் எடை பளிச்சென்று எரிகிறது. கொழுந்து கொடுக்கிற பெண்ணும் பார்க்கலாம், நிறுக்கிறவரும் பார்க்கலாம், கூரைமேல் உட்கார்ந்திருக்கிற காக்காயும் பார்க்கலாம். அதை மாட்டிய ஃபெக்டரிப் பையன்கள் என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, "பாஸ், அந்த மோட்டார் சைக்கிள் கதைய எழுதிக் குடுத்துருங்க. நீங்க வாயால சொல்றப்ப ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி இருக்கு" என்றார்கள்.

நியாயமான குற்றச்சாட்டு. ஆகவே எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றி நல்லதாக வருகிற இடங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடும், கேவலமாக வருகிற இடங்களை முழு நம்பிக்கையோடும் படிக்கவும்.

முதலில் என் படிப்பு. பதினேழு வயதில் ஃபெக்டரியின் பெரிய டீசல் இன்ஜினுக்கு எண்ணெய் துடைக்கச் சேர்ந்தேன். அதன் ஃபிளைவீல் என்னைவிட உயரம். அது சுற்ற ஆரம்பித்தால் பக்கத்துத் தொழிலாளர் லயத்தில் சட்டி பானை ஆடும். எந்த மெஷின் நடுங்கினாலும் அதன் மேல் ஒரு இரும்புத் துண்டை வைத்து இறுக்கு என்பதுதான் அங்கே பாடம். பதின்மூன்று வருஷம் இரும்பைக் கூட்டிக் கூட்டியே இரண்டாம் ஃபிட்டர் ஆனேன். எடையைக் குறைப்பது என்ற வேலையை நான் கண்ணால் கூடக் கண்டதில்லை. இப்படிப்பட்டவனைத்தான் அந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்தார் எங்கள் சின்ன தொரை.

அறுபதுகளின் கடைசி அது. மனேஜரான பெரிய தொரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போயிருந்தார். தோட்டம் மொத்தமும் சின்ன தொரை கையில். இருபத்து நாலு வயது, கொழும்புப் பிள்ளை. தமிழை மலையில் வேலை வாங்கும்போது பழகியவர் என்பதால் அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் அதட்டல்தான். எடு, வை, போ, வெட்டு. பிரியமாகப் பேச வேண்டுமென்றாலும் அதே சரக்குதான் இருந்தது. என் கல்யாண நாள் என்று கேள்விப்பட்டு ஃபெக்டரிக்கே வந்து, "முத்து! சந்தோஷமாக இரு!" என்று ஒரு சத்தம் போட்டார். பயந்துபோய் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

பங்களாவுக்குப் பின்னால் பழைய கொட்டகை ஒன்று. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரத் தொரை ஒருவர் அங்கே ஒரு மோட்டார் சைக்கிளை விட்டுப் போயிருந்தார். இங்கிலாந்தில் ரேசுக்கென்றே செய்தது. அப்போதே கிழம். பெட்ரோலையும் எண்ணெயையும் ஒரே டாங்கியில் கலந்து குடித்து நீலப் புகை விடுகிற டூ-ஸ்ட்ரோக் சாதி. சின்ன தொரை அதைக் கண்ட நாளிலிருந்து காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கூட ஒழுங்காக வருவதில்லை.

பண்டாரவளைப் பக்கத்துத் தொரைமார் கிளப்பில் மலையேற்ற ஓட்டம் வைப்பார்கள். இருநூறு ராத்தலுக்கு உள்ளே நிற்கிற வண்டிகள் சின்னப் பிரிவு. அதற்கு மேலே ஒரு ராத்தல் கூடினாலும் பெரிய பிரிவில், எருமை மாதிரி இருக்கிற பெரிய வண்டிகளோடு ஓட வேண்டும். தொரை என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.

"முத்து! இதை இருநூறுக்கு உள்ளே கொண்டு வா! பெரிய பாஸ் வீட்டை எடு!"

பெரிய பாஸ் என்பது எங்கள் தலைமை ஃபிட்டர். அவர் வேலையை விட்டுப் போய் இடம் காலியாக இருந்தது. அந்த வேலையோடு ஒரு தனி வீடும் வரும். நாங்கள் இருந்தது லயத்தில் ஒற்றைக் காம்பரா. முன்பக்கம் ஒரு கதவு, அதோடு சரி. பாஸ் வீட்டில் இரண்டு அறை, முற்றத்தில் சொந்தக் குழாய், தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். என் மனைவி பாக்கியம் ஆறாம் நம்பர் மலையில் கொழுந்து பறிக்கிறவள். செய்தி கேட்ட அன்றே மாவு மூட்டைத் துணியைத் துவைத்து, ஓரத்தில் சிவப்பு நூலில் இரண்டு கிளி போட்டு, ஜன்னலுக்குத் திரைச்சீலை தைத்துவிட்டாள்.

"மொதல்ல வீடு வரட்டும் புள்ள" என்றேன்.

"வரும்ங்க. வராட்டி இந்தத் துணியில உங்களுக்குச் சட்டை தச்சுருவேன். கிளியோட போட்டுக்கிட்டு ஃபெக்டரிக்குப் போங்க."

ஆகவே என் தலையில் ஒரு வீடும், முதுகில் இரண்டு கிளியும் தொங்கின.

குறைப்பதற்கு முன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே. வண்டியை லொறியில் ஏற்றிப் பதுளை டவுனுக்குக் கொண்டு போனோம். பழைய இரும்பு வாங்குகிற முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் பெரிய மேடைத் தராசு உண்டு. அவர் மோட்டார் சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"என்ன பாஸ், ஒடச்சி எடுக்கவா, முழுசாவே எடுக்கவா?"

"விக்க வரல்லீங்க நானா. எடை மட்டும்தான். தொரை ரேஸ் ஓடப் போறாரு."

"இதுலயா?" நானா தொரையை ஒரு தடவை பார்த்தார், வண்டியை ஒரு தடவை பார்த்தார். "சரி, இருநூத்தி முப்பத்தொண்டு. ஓடிட்டு வரக்கொள்ள இங்கதான் வரணும், நான் மூலையில எடம் வச்சிருக்கன்."

"வைக்காதே!" என்று தொரை கத்தினார்.

முப்பத்தோரு ராத்தல் குறைக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பதுளைக்கு லொறி பிடிக்க முடியாது. ஃபெக்டரியில் தேயிலைப் பெட்டி நிறுக்கிற தராசு இருந்தது. ஆனால் டீமேக்கர் வாசலிலேயே மறித்துக்கொண்டார். பெட்ரோல் வாசம் தேயிலையில் ஏறினால் லண்டன்காரன் தேத்தண்ணியில் நெருப்புக் குச்சி வைத்துப் பார்ப்பான் என்றார். மிச்சம் இருந்தது மடுவத்துக் கொழுந்துத் தராசு. முக்காலியில் கொக்கி தொங்கும், மேலே கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் முள். நூறு ராத்தலுக்கு மேல் தாங்காது. அதனால் வண்டியைக் கழற்றி நாலு பங்காக்கினோம்: இன்ஜின் ஒன்று, சட்டம் ஒன்று, இரண்டு சக்கரமும் ஒன்று, டாங்கி, சீட், சங்கிலி எல்லாம் சேர்த்துக் கட்டி ஒன்று.

நிறுத்தவர் ராமையா கணக்குப்பிள்ளை. இருபத்தைந்து வருஷமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை கொழுந்து நிறுத்த கை. அவர் நிறுப்பதைப் பார்ப்பதே ஒரு பூசை பார்ப்பது போல இருக்கும். மூட்டை கொக்கியில் ஏறும். இடது கையால் தொட்டு ஆட்டத்தை நிறுத்துவார். மூக்குக் கண்ணாடியை இறக்கி முள்ளை ஒரு பார்வை. முள் அவர் பக்கம்தான் திரும்பியிருக்கும். நிறுக்கக் கொடுக்கிறவர்களுக்குத் தெரிவது தராசின் முதுகு. பிறகு இலுப்பைப் பூ மூக்கில் பட்ட மாதிரி முகத்தைச் சுளித்து, ராகமாக எண்ணைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான். தொரை குறிப்புப் புத்தகத்தோடு எங்கள் பக்கம் நின்றார். பிறந்ததிலிருந்து அவருக்கு யாராவது எண்ணைப் படித்துச் சொல்லித்தான் வழக்கம். எட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை.

முதல் வாரம் பின்பக்க மட்கார்டையும் ஸ்டாண்டையும் மட்டும் கழற்றினேன். நிறுத்தோம். ராமையா ஐயா நாலு தடவை ராகம் பாடினார். தொரை கூட்டினார். இருநூற்று ஆறு!

ஒரு தகரத்தையும் ஒரு கம்பியையும் கழற்றியதில் இருபத்தைந்து ராத்தல். எனக்கே சந்தேகமாக இருந்தது. "தொரை, அந்தத் தகரம் அவ்வளவு பாரமில்லீங்களே" என்றேன்.

"நம்பு!" என்றார்.

நம்பினேன். என்னைப் பற்றி நல்லதாக ஒன்று சொன்னால் நம்புவதற்கு எனக்கு எப்போதும் கஷ்டம் இருந்ததில்லை. அன்றிலிருந்து என் நடை மாறிவிட்டது. எண்ணெய்த் துணியைத் தோளில் சால்வை மாதிரிப் போட ஆரம்பித்தேன். பாக்கியத்திடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

"அந்தத் தராசுல ஏறுன எதுவும் கூடி நான் பாத்ததில்லங்க" என்றாள். அவள் என் திறமையைப் பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சம் ஆறு ராத்தல். அதுதான் உயிரை வாங்கியது. இரண்டு மாதம் ஆனது. சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சீட்டு செய்தேன். பின்பக்கம் 'தூள் தேயிலை' என்ற அச்சு அப்படியே இருந்தது. பிறகு துளை. பிரேக் பெடலில் துளை, கால் மிதியில் துளை, சங்கிலிச் சக்கரத்தில் துளை, துளைக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் அதில் சின்னத் துளை. தொரைக்குத் துளைப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒருநாள் தன் இடுப்புப் பெல்ட்டின் பித்தளைக் கொக்கியைக் கழற்றிக் கொடுத்து, "போடு!" என்றார். போட்டேன். பிஸ்டனை எடுத்துக் காட்டி, "இதிலும் போடு!" என்றார். அங்கே மட்டும்தான் நான் மறுத்துப் பேசினேன். டூ-ஸ்ட்ரோக்கில் வால்வு தனியாகக் கிடையாது. பிஸ்டனின் பக்கச் சுவர்தான் மேலும் கீழும் போய் ஓட்டைகளைத் திறந்து மூடுகிறது. அதில் துளை விழுந்தால் வண்டி எடை குறைந்துதான் இருக்கும், ஓடத்தான் ஓடாது. தொரை யோசித்துவிட்டு, "போடாதே!" என்றார். அந்த ஆறு மாதத்தில் அவர் மனதை நான் மாற்றியது அந்த ஒரு முறைதான்.

கடைசியில் ஃபிளைவீல். இன்ஜினுக்கு வெளிப்பக்கம் இருக்கிற வட்டம். நான் வாழ்க்கையில் கும்பிட்டு வளர்ந்த சாமானையே செதுக்க வேண்டிய நிலை. ஆறு நாள் எடுத்தேன். ஃபெக்டரிக் கடைசல் மெஷினில் பூட்டி, ஓரத்தில் மயிரளவு மயிரளவாகச் சீவினேன். ஒரு பக்கம் கூடுதலாகச் சீவினால் இன்ஜின் பேய் பிடித்த மாதிரி ஆடும். அதனால் ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு, பங்களாச் சமையலறையிலிருந்து கொண்டுவந்த இரண்டு மேசைக் கத்திகளைக் கூர் மேலே வர நட்டு, அச்சோடு அதன்மேல் ஃபிளைவீலை வைத்து உருளவிடுவேன். பாரமான பக்கம் மெதுவாகக் கீழே வந்து நிற்கும். அங்கே அரம். மறுபடி உருட்டல். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை. இந்த இடத்தில் என்னைப் பற்றி நல்லதாக வந்துவிட்டது, மன்னிக்கவும். ஆனால் உண்மை.

விளைவு என்னவென்றால், பாரம் குறைந்த ஃபிளைவீல் மெதுவாகச் சுற்றத் தெரியாமல் போய்விட்டது. ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜின் நின்றுவிடும். தொரை அதில் ஏறி வேலை பார்க்க வந்தால் நிற்க முடியாது. கங்காணியைச் சுற்றிச் சுற்றி வட்டமாக ஓடிக்கொண்டே வேலை சொல்வார். கங்காணியும் மரியாதைக்கு அவர் முகத்தைப் பார்த்தபடியே சுற்றி, பத்தாவது சுற்றில் தலை கிறுகிறுத்துத் தேயிலைச் செடியில் உட்கார்ந்துவிட்டார்.

துளைகளும் சும்மா இருக்கவில்லை. வண்டி வேகம் எடுத்ததும் காற்று அத்தனை துளையிலும் புகுந்து, ஊ... என்று நீளமாக ஊத ஆரம்பித்தது. அச்சு அசலாக எங்கள் ஃபெக்டரிச் சங்கு. ஒருநாள் தொரை மேல் ரோட்டிலிருந்து இறங்கினார். ஆறாம் நம்பர் மலையில் இருந்த பெண்களெல்லாம் பகல் சங்கு ஊதிவிட்டது என்று கூடையோடு மடுவத்துக்கு இறங்கிவிட்டார்கள். ராமையா ஐயா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்து, தட்டி, முக்கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டார். மறுநாள் பெரட்டில் முக்கால் மணி நேரம் அவர் ஒருவர்தான் நின்றார்.

கடைசியாக நிறுத்த அன்று இன்ஜின் ஐம்பத்தைந்து, சட்டம் அறுபத்தைந்து, சக்கரம் நாற்பத்தைந்து, மிச்சம் முப்பத்து நாலு. நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது! தொரை என் கையைப் பிடித்துக் குலுக்கி, "சிரி!" என்றார். சிரித்தேன். பாக்கியம் அன்றே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், "என்னா பாஸம்மா, இனி எங்க கூடவெல்லாம் தண்ணி புடிப்பீங்களா?" என்று கேட்டார்களாம். அந்த 'பாஸம்மா'வை அவள் எனக்கு மூன்று தடவை சொல்லிக் காட்டினாள்.

போட்டி நாள். கிளப் மைதானத்தில், வெலிமடை உருளைக்கிழங்கு வியாபாரி ஒருவரிடம் இரவல் வாங்கிய மேடைத் தராசு. வண்டியைத் தள்ளி ஏற்றினேன். கிளப்காரர் ஒருவர் குனிந்து பார்த்தார்.

"இருநூற்றுப் பத்தொன்பது."

"திரும்ப நிறு!" என்றார் தொரை.

திரும்ப நிறுத்தார்கள். அதே பத்தொன்பது. தொரை கால் மிதியில் உட்கார்ந்திருந்த ஈயை விரட்டிவிட்டு மூன்றாம் தடவை நிறுக்கச் சொன்னார். தராசு அசையவில்லை. எனக்கு அந்த இடத்தில் தெரிந்தது வண்டியும் இல்லை, தொரையும் இல்லை. சாக்கில் கட்டி வைத்த பாத்திரம்தான்.

பெரிய பிரிவில் பதினோரு வண்டி. தொரை பதினோராவதாக வந்தார். ஊதிக்கொண்டே வந்தார் என்பதால் எல்லோரும் எழுந்து நின்று வழிவிட்டார்கள். ஏதோ அம்புலன்ஸ் என்று நினைத்தார்கள் போல.

வண்டியை லொறியில் ஏற்றித் திரும்பினோம். பதுளை நானா வைத்திருந்த மூலை இருவர் மனதிலும் இருந்தது. பாதி வழியில் தொரை, "இருபது ராத்தல் எங்கே? சொல்லு!" என்றார். எனக்கு என்ன தெரியும்? தராசு கெட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலை ஃபெக்டரியிலிருந்து ஐம்பது ராத்தல் படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். '50' என்று வார்ப்பிலேயே கிடக்கும் கல். கொழுந்து நிறுக்கிற நேரம். நாற்பது பெண்கள் கூடையோடு வரிசையில். பாக்கியம்தான் முன்னால். தொரையும் வந்து நின்றார்.

கல்லைக் கொக்கியில் மாட்டினேன். ராமையா ஐயா இடது கையால் ஆட்டத்தை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். முகத்தைச் சுளித்தார்.

"நாப்பத்தஞ்சே..." என்று பாடினார்.

"ஐயா, இது அம்பது ராத்தல் கல்லுங்க. மேலேயே போட்டிருக்கு."

"இருக்கட்டுமே. முள்ளு அம்பதுலதான் நிக்கிது."

"அப்ப ஏன் நாப்பத்தஞ்சுன்னீங்க?"

"கூடைக்கு ரெண்டு, தண்ணிக்கு மூணு."

"கூடை எங்கய்யா இருக்கு? தண்ணி எங்க இருக்கு?"

ராமையா ஐயா கல்லைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். பாவம், அவர் திருடர் இல்லை. இருபத்தைந்து வருஷமாக முள்ளைப் பார்த்ததும் நாக்கு தானாகவே அஞ்சைக் கழித்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்கிறது. "அது... வழக்கம்" என்றார்.

நாலு பங்கு, பங்குக்கு அஞ்சு. இருபது. என் முதல் வாரத்துத் திறமை அஞ்சு ராத்தல், இரண்டு மாதத்துத் திறமை ஏழு ராத்தல். மிச்ச இருபதும் கூடையும் தண்ணீரும், இல்லாத கூடையும் இல்லாத தண்ணீரும். இன்ஜினில் பனி பிடித்திருக்கும் என்றா நினைத்தார்? வரிசையில் ஒரு சிரிப்பு பின்னாலிருந்து கிளம்பி முன்னால் வந்தது. தொரையின் காது சிவந்துவிட்டது.

"பொய்த் தராசு!" என்று கத்தினார். "முத்து! வீடு இல்லை!"

பாக்கியம் கூடையை இறக்கி வைத்தாள். தலையில் கிடந்த கொங்காணித் துணியைச் சரி செய்துகொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சலாங்க தொரை. ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேள்!"

"இந்தத் தராசுலதான் எங்க கொழுந்து நிறுக்கிறாக. ராமையா ஐயா சொன்ன எண்ணிக்கை சரின்னா, ஒங்க சைக்கிளு நூத்தித் தொண்ணூத்தொம்பது. இருநூறுக்கு உள்ளுக்கு வந்துருச்சு. எங்க வீட்டுக்காரருக்கு வீட்டக் குடுங்க. ஐயா சொன்னது பொய்யின்னா, எங்க அஞ்சு ராத்தலக் குடுங்க. ஒங்களுக்கு ஒரு நா இருபது போனதுக்கே காது செவந்துருச்சு. எங்களுக்குத் தெனமும் மூணு வேள போகுதுங்க."

தொரை வாயைத் திறந்தார். அவரிடம் இருந்த தமிழில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை. ராமையா ஐயாவைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் படிக்கல்லைப் பார்த்தேன். கடைசியில், அந்த மனுஷன் நியாயஸ்தன்தான், பாக்கியத்திடமே திருப்பினார்.

"வீடா, ராத்தலா? நீ சொல்லு!"

பாக்கியம் திரும்பி வரிசையைப் பார்த்தாள். நாற்பது பேர். ஒருத்தியும் இப்போது சிரிக்கவில்லை. இரண்டு கிளியும் அவள் கண்ணில் வந்து போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

"ராத்தலுங்க" என்றாள்.

"நிறு!" என்று தொரை கத்தினார். "கூடையை நிறு!" வெறுங்கூடையை நிறுத்தார்கள். ஒன்றேகால் ராத்தல். "தண்ணியை உதறு!" ஈரக் கொழுந்தை உதறினார்கள். "தராசைத் திருப்பு!" முள் பெண்கள் பக்கம் திரும்பியது. அன்றைக்குத்தான் பாக்கியம் தன் கொழுந்தின் எடையை முதல்முதலாகக் கண்ணால் பார்த்தாள்.

பெரிய தொரை திரும்பி வந்தபோது அந்த அஞ்சை மறுபடி கொண்டுவரப் பார்த்தார். முள்ளைப் பார்த்துப் பழகிய கண்களிடம் பலிக்கவில்லை. கழிவு இரண்டு ராத்தலில் வந்து நின்றது. என்னைப் பெரிய பாஸ் ஆக்கியது அதற்கும் ஆறு வருஷம் கழித்து, வேறொரு தொரை. மோட்டார் சைக்கிள் நானாவின் மூலைக்குப் போனது. அவர் அந்த இடத்தை உண்மையாகவே கூட்டி வைத்திருந்தார்.

ஆனால் அன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். பாக்கியம் சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களைப் பழைய இடத்தில் வைத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் திரைச்சீலையை எடுத்து, பின்பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். திரைக்குப் பின்னால் ஜன்னல் இல்லை. கல்லும் மண்ணும்தான்.

"சட்டை தைக்கலியா?" என்று கேட்டேன்.

"ஒங்க உருவத்துக்குத் துணி பத்தாதுங்க" என்றாள்.

இரண்டு மாதம் துளை போட்ட கை சும்மா இருக்குமா? ஃபெக்டரிக்குப் போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தேன். திரைச்சீலையை அளவாக வைத்துக்கொண்டு சுவரை உடைத்தேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் எல்லாம் வந்து, தோட்டத்துச் சுவரை உடைக்கிறானே, இவனை வேலையிலிருந்து நிறுத்திப் பற்றுச்சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தார்கள். மறுநாள் தொரை வந்து பார்த்தார். திரையை விலக்கி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பின்னால் தேயிலை, அதற்குப் பின்னால் மலை. என்னை அனுப்பிவிடப் போகிறார் என்று நின்றேன்.

"பெரிதாக்கு!" என்றார்.

உடைத்த கல்லையும் மண்ணையும் சாக்கில் கட்டி, ஒரு ஆசைக்கு மடுவத்துக்குக் கொண்டு போனேன். ராமையா ஐயா கொக்கியில் மாட்டினார். ஆட்டத்தை நிறுத்தினார். நாக்கு வழக்கப்படி புறப்பட்டது. முள் என் பக்கம் இருப்பதைக் கண்டு, உதட்டைக் கடித்து நிறுத்திக்கொண்டார்.

"எழுவத்திரெண்டு" என்றார்.

முள்ளும் எழுபத்திரண்டில்தான் நின்றது. அந்த வருஷம் நான் உண்மையிலேயே எடை குறைத்தது எங்கள் காம்பராவை மட்டும்தான்.